ஏழு வருட மரமும் ஒரு வருட மானியமும்

பினாங்குக்கு வரும் ஊர்க்காரர்களைச் சௌராஸ்தா சந்தைக்கு அழைத்துப்போனால் ஜாதிக்காய்க் கடை முன்னால் நின்றுவிடுவார்கள். நம் வீடுகளில் ஜாதிக்காய் என்றால் பச்சைப்பிள்ளைக்கு உரைமருந்தில் இழைக்கும் கொட்டை. மிஞ்சினால் பிரியாணி மசாலாவில் ஒரு சிட்டிகை. இங்கே அந்தக் கொட்டையைச் சுற்றியிருக்கும் சதைக்குத்தான் முதல் மரியாதை. சீவிச் சர்க்கரையில் ஊறப்போடுவார்கள், உப்பில் ஊறப்போடுவார்கள், உலர்த்தி மிட்டாய் ஆக்குவார்கள், காய்ச்சி வடித்துச் சாறாக்கி ஐஸ் போட்டுக் கொடுப்பார்கள். கொட்டையில் தைலம் எடுப்பார்கள். சிவப்பு வலைபோல் கொட்டையைப் போர்த்தியிருக்கும் ஜாதிபத்திரிக்குத் தனி விலை.

காய் வருவது தீவின் மறுபக்கம், மலை தாண்டியிருக்கும் பாலேக் புலாவிலிருந்து. அங்கே ஜாதிக்காய்த் தோப்புகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. டுரியான் விலை ஏற ஏற, பழைய ஜாதி மரம் நின்ற இடத்தில் டுரியான் கன்று நிற்கிறது. பினாங்கு ஜாதிக்காயைக் காப்பாற்ற அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும். லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் நேராகவே கேட்டான்: "ஊறுகாய்க்கெல்லாம் அரசாங்கம் எதுக்கு மாமா காசு குடுக்கணும்? லாபம் இருந்தா விக்கிறவங்களே பாத்துக்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. ஒரு கிளாஸில் முடிகிற பதில் இதற்கு இல்லை. அவனிடம் சொன்னதை இங்கே இன்னும் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நீங்களும் இன்னொரு தேநீர் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மலேசியாவில் இதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. 'சத்து டாயிரா சத்து இண்டஸ்ட்ரி' என்பார்கள்: ஒரு மாவட்டத்துக்கு ஒரு தொழில். ஒவ்வொரு மாவட்டமும் தன் மண்ணுக்கும் கைக்கும் உரிய பொருளை முன்னே வைக்கும். கடன், இயந்திரம், பொட்டலம், பயிற்சி, விற்பனை என்று பல அரசு அமைப்புகள் பின்னால் நிற்கும். விளைபொருளை விற்றுக்கொடுக்க 1965-ல் வந்த ஃபாமா இருக்கிறது. விவசாய ஆராய்ச்சிக்கு 1969-ல் அமைந்த மார்டி இருக்கிறது. கைவினைக்கு 1979-ல் உருவான கிராஃப்தாங்கான் கழகம் இருக்கிறது. ஆள் இல்லை, அலுவலகம் இல்லை என்று நம் நாட்டில் யாரும் சொல்ல முடியாது.

இந்த யோசனையின் பிறப்பிடம் ஜப்பான். 1979-ல் ஓயித்தா மாநிலத்தின் ஆளுநராக வந்த மொரிஹிகோ ஹிராமட்சு 'ஒரு கிராமம், ஒரு பொருள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவருக்கு முன்மாதிரியாக இருந்தது ஓயாமா என்ற மலைக்கிராமம். ஜப்பான் முழுக்க நெல் உற்பத்தியைக் கூட்டச் சொல்லி அரசு ஊக்கப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1961-ல், அந்த ஊர்க்காரர்கள் நெல்லை விட்டுவிட்டு பிளம் மரமும் செஸ்ட்நட் மரமும் நட்டார்கள். சரிவான நிலம், சின்னச் சின்ன வயல். நெல்லில் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழம் விற்ற காசில் ஹவாய்க்குச் சுற்றுலா போவோம் என்பதுதான் அவர்களுடைய கோஷம். பிறகு நிஜமாகவே போனார்கள். ஆக, உலகத்துக்கே பாடமாகக் காட்டப்படும் கிராமம் அரசாங்கத்தின் யோசனையை மறுத்துத்தான் தொடங்கியது.

ஹிராமட்சு இதை நன்றாகப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். உற்பத்தியாளர் கையில் நேரடியாக மானியம் கொடுப்பதை அவருடைய இயக்கம் தவிர்த்தது. அதற்குப் பதில் ஆராய்ச்சி நிலையங்கள், விற்பனைக்கு வழி, ஊர்த்தலைவர்களை வளர்க்க 1983 முதல் ஒரு பயிற்சிப் பள்ளி. எந்தப் பொருள் என்பதை ஊர் முடிவு செய்யும். ஊரால் தனியாகச் செய்ய முடியாததை மட்டும் அரசு செய்யும். காளானும் கபோசு என்ற எலுமிச்சையும் பார்லிச் சாராயமும் அப்படித்தான் ஓயித்தாவின் பெயரோடு வெளியூர் போயின.

இந்த யோசனை பயணம் செய்தபோது உருவம் மாறியது. தாய்லாந்து 2001-ல் இதைத் தேசியத் திட்டமாக்கி, பொருள்களுக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுத்தது. இந்தியாவில் உத்தரப்பிரதேசம் 2018-ல் மாவட்டத்துக்கொரு பொருள் என்று அறிவித்தது. பெரிய நாடு எடுத்துக்கொள்ளும்போது தேர்வு ஊரிடமிருந்து அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. அலுவலகத்துக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. வருடம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும், காட்ட வேண்டும். எந்திரம் வாங்கியதைப் படம் எடுக்கலாம், விழாக் கூடாரத்தைப் படம் எடுக்கலாம். ஒரு மரம் வளர்வதைப் படம் எடுத்து அறிக்கையில் ஒட்ட முடியாது.

என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான். அரசு உதவி வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதைவிட, உதவி எத்தனை காலம் நிற்கும் என்று கேட்பது பயனுள்ளது. பினாங்கில் இந்தக் கேள்விக்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஜாதிக்காய் பினாங்குக்குத் தானாக வந்த மரம் இல்லை. அரசாங்கம் கொண்டுவந்தது, அன்றைய அரசாங்கம் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. ஜாதிக்காயும் கிராம்பும் அதுவரை டச்சுக்காரர் கையில் பூட்டிவைத்த சரக்கு. பண்டா தீவுகளின் ஜாதிக்காய்க்காக 1621-ல் அந்த மக்களையே கொன்று குவித்தவர்கள் அவர்கள். 1796-ல் ஆங்கிலேயர் மலுக்குத் தீவுகளைப் பிடித்ததும், கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் அங்கே போய்க் கன்றும் விதையுமாக ஆயிரக்கணக்கில் சேகரித்துப் பினாங்குக்கு அனுப்பினார். இங்கே கம்பெனி தன் செலவில் ஒரு வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டது. 1802 உடன்படிக்கைப்படி தீவுகளை டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தபோது, மரங்கள் மட்டும் பினாங்கில் வேர்பிடித்திருந்தன.

பிறகு 1805-ல் கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டது. செலவு அதிகம், வரவு இல்லை. கன்றுகள் நட்டு சில வருடம்தான் ஆகியிருந்தது. வரவு எப்படி வரும்? பயிரைத் தனியார் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், பல வருடம் காத்திருந்தார்கள், 1830-களிலும் 40-களிலும் பலன் பார்த்தார்கள். தனியாரே பார்த்துக்கொள்வார்கள் என்று என் அக்கா மகன் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. "பாத்தீங்களா மாமா" என்று அவனும் சொன்னான். கதை அதோடு நிற்கவில்லை என்றேன்.

1822-ல் ஜார்ஜ் போர்ட்டர் என்ற பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் அரசு இரண்டாவது தாவரத் தோட்டத்தைத் தொடங்கியது. 1834-ல் அதையும் மூடி விற்றார்கள். 1850-களின் பிற்பகுதியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஜாதி மரங்களில் ஒரு நோய் விழுந்தது. இலை உதிர்ந்து, கிளை காய்ந்து, தோப்பு தோப்பாகப் பட்டுப்போயின. 1860-களின் தொடக்கத்துக்குள் பெரிய தோட்டங்கள் அழிந்தன. பணம் போட்டவர்கள் கைகழுவினார்கள். இப்போது அருவியோரம் நாம் காலையில் நடக்கப் போகும் தாவரவியல் தோட்டம் சார்ல்ஸ் கர்ட்டிஸ் காலத்தில், 1884-ல் வந்தது. நோய் வந்தபோது பினாங்கில் அரசுத் தோட்டம் என்று ஒன்றுமே இல்லை.

தோட்டம் இருந்திருந்தால் நோய் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒன்று இருந்திருந்தால், பத்துத் தோட்டக்காரர்களின் மரங்களை ஒரே கண் பார்த்து, எங்கே முதலில் காய்ந்தது, எந்த மரம் தாங்கியது என்று குறித்து, தாங்கிய மரத்திலிருந்து கன்று எடுத்து வைத்திருக்கும். தனி ஆள் தன் தோப்பைத்தான் பார்ப்பார். பக்கத்துத் தோப்பைப் பார்க்க அவருக்குச் சம்பளம் இல்லை. அந்தச் சம்பளத்தைக் கொடுப்பதுதான் அரசாங்கத்தின் வேலை.

சிங்கப்பூரில் எதிர்மாறாக ஒன்று நடந்தது. அது நம் குடும்பங்களையே தொட்ட கதை. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. யாருக்கும் அவை வேண்டாம். காப்பிதான் அன்றைய ஆசை. 1888-ல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைக் கண்டுபிடித்து, விதையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கெஞ்சாத குறையாகச் சுற்றினார். 1896-ல்தான் மலாக்காவில் டான் சாய் யான் வணிக அளவில் நட்டார். 19 வருடம் அந்த மரங்கள் பொதுச் செலவில் காத்திருந்தன. காப்பித் தோட்டங்கள் நொடிந்தபோது ரப்பர் தயாராக நின்றது. அந்த ரப்பருக்காகத்தான் நம் தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். பலன் லண்டன் கம்பெனிகளுக்கும், பாடு லயத்து வீடுகளுக்கும் போனது. ஆகவே பொறுமையாகச் செய்த அரசு உதவி என்றாலே நியாயமான உதவி என்று ஆகிவிடாது. யாருடைய கையில் பலன் சேரும் என்பதையும் ஆரம்பத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

ஜாதிக்காய்க்கு ஏன் இத்தனை பொறுமை என்று கேட்டால், அந்த மரத்தின் இயல்பு அப்படி. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு முளைத்த கன்று ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. பூக்க 5 முதல் 8 வருடம். ஏறக்குறையப் பாதி ஆணாகத்தான் இருக்கும். தோப்புக்கு 10 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். அதாவது ஏழு வருடம் தண்ணீரும் உரமும் கொடுத்த மரங்களில் ஏறக்குறையப் பாதியை வெட்டித் தள்ள வேண்டும். மிச்சம் நின்றவை நிறையக் காய்க்க 15 வருடத்துக்கு மேல் ஆகும். அதன்பின் பேரன் காலம்வரை காய்க்கும்.

ஒட்டுக்கன்று இந்தக் கஷ்டத்தைக் குறைக்கும். நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து தளிர் எடுத்து ஒட்டினால் பெண்தான், காய்ப்பும் சீக்கிரம். ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கக் கிளையிலிருந்து எடுத்த தளிர் பக்கவாட்டிலேயே படர்ந்து புதராக நிற்கும். நேராக மேலே போகும் குருத்திலிருந்து எடுத்தால்தான் மரமாக எழும். அந்த நேர்க்குருத்து ஒரு மரத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும். கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இப்படி வருடக்கணக்கில் தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் 'விஸ்வஸ்ரீ' என்ற ஜாதிக்காய் ரகத்தைக் கொடுத்தது. பாலேக் புலாவில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இதைத் தனியாகச் செய்யமாட்டார். செய்யவும் கூடாது, அவருக்கு அடுத்த மாதச் சாப்பாடு இருக்கிறது.

கரீபியனில் கிரெனடா என்ற சின்னத் தீவு, தன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கிறது. அங்கே 1947 முதல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஜாதிக்காயை வாங்கி விற்கிறது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. உலகம் உதவியது, கன்று வந்தது. ஆனாலும் பல விவசாயிகள் திரும்ப ஜாதிக்காய் நடவில்லை. வயதான விவசாயி ஏழு வருடம் எதைத் தின்று காத்திருப்பார்? இடைப்பட்ட வருடங்களுக்கு வாழை, கோக்கோ, ஒரு மாத வருமானம் என்று யோசித்துக் கொடுக்காத கன்று, நர்சரிப் பையிலேயே காய்ந்துபோகும்.

இதில் நிலத்தின் கதையையும் சேர்க்க வேண்டும். மலேசியாவில் அரசு நிலத்தில் பயிரிடும் பலர் டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்கிறார்கள். 1965-ன் தேசிய நிலச் சட்டப்படி அது அந்த வருடக் கடைசியோடு முடியும். பிறகு புதுப்பிக்க வேண்டும். கேமரன் மலையில் காய்கறி போடும் நம்மவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். கீரைக்கு ஒரு வருடம் போதும். ஏழு வருட மரத்தை டிசம்பர் 31-ல் முடியும் காகிதத்தில் எவர் நடுவார்? பகாங்கின் ரவுப்பில் உரிமம் இல்லாமலே பல்லாண்டாக அரசு நிலத்தில் டுரியான் வளர்த்தவர்களுக்கும் மாநில அரசுக்கும் 2020-ல் வந்த வழக்கு நினைவிருக்கும். நிலம் அரசுடையது என்பதில் சந்தேகமில்லை. மரம் காய்க்கத் தொடங்கி விலை ஏறிய பிறகு நிலத்தைப் பற்றிப் பேச வேண்டி வந்தது, நடும்போதே பேசாததன் விளைவு. ஒரு தீவின் பெயரோடு ஒரு பயிரை இணைக்க விரும்பும் அரசாங்கம் முதலில் கொடுக்க வேண்டியது 30 வருடக் குத்தகை. அதற்குப் பணமே செலவில்லை.

செலவில்லாத, சத்தமில்லாத உதவிக்கு நம்மிடமே அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. டுரியான் கடையில் டி24, டி197 என்று சொல்லி வாங்குகிறோமே, அந்த எண் விவசாய இலாகாவின் பதிவேட்டு எண். 1934 முதல் அந்தப் பதிவேடு நடக்கிறது. ஒருவர் தோப்பில் ஒரு மரம் சிறப்பாகக் காய்த்தால் அதிகாரிகள் வந்து பார்த்து, பழத்தை அளந்து, சுவைத்து, தாய்மரத்தைக் குறித்து எண் கொடுப்பார்கள். டி24 பதிவானது 1937-ல். டி175 என்ற 'உடாங் மேரா' நம் பினாங்குப் பழம், 1990-ல் பதிவு. மூசாங் கிங் 1993-ல் டி197 ஆனது. நிபோங் திபால் பக்கத்துத் தோப்பிலிருந்து புகழ்பெற்ற கருமுள் டுரியான், டுரி ஹித்தாம், 2015-ல் டி200 ஆனது. சீனா 2019-ல் மலேசியாவின் முழு உறைபழத்துக்கும் 2024-ல் புதுப் பழத்துக்கும் கதவு திறந்தபோது, என்ன பழம், எந்த ரகம் என்று காட்டுவதற்குப் பல பத்தாண்டுக் கணக்கு நம் கையில் இருந்தது. எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டாத வேலை இது. இன்றைக்கு ஜாதிக்காயைத் தள்ளிவிட்டு டுரியான் நிற்கிறது என்றால், அந்தப் பதிவேட்டுக்கும் அதில் பங்குண்டு.

பெயரைக் காப்பது இன்னொரு வகை. மலேசியாவில் புவிசார் குறியீட்டுக்கு 2000-ல் சட்டம் வந்தது. 2022-ல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சரவாக் மிளகு இந்தப் பாதுகாப்பை முதலில் பெற்ற பொருள். பெர்லிஸின் ஹருமானிஸ் மாம்பழமும் பதிவானது. ஹருமானிஸ் இந்தோனேசியாவிலிருந்து வந்த ரகம். வடக்கே பெர்லிஸில் விழும் நீண்ட வெயிலில் அதற்கு அங்கே தனிச் சுவை வந்தது. பொருள் எங்கே பிறந்தது என்பதைவிட எந்த மண் அதை மாற்றியது என்பதைச் சட்டம் பார்க்கிறது. அந்தக் கணக்கில், பண்டாவிலிருந்து வந்த ஜாதிக்காயின் சதையை ஊறுகாயாகவும் சாறாகவும் ஆக்கிய பினாங்குக் கைகளுக்கும் உரிமை உண்டு.

ஆனால் குறியீடு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு பவானி ஜமக்காளத்தைக் காட்டுவேன். 2005-06-லேயே அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதே பட்டைக் கோடுகளோடு விசைத்தறித் துணி மலிவாகச் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருந்தது; பவானியில் கைத்தறி குறைந்துகொண்டேதான் போனது. சட்டம் உங்களுக்கு வழக்குப் போடும் உரிமையைத் தருகிறது. ஒவ்வொரு கடையாகப் போய்ப் போலியைப் பிடிக்க யார் போவது, வக்கீலுக்கு யார் கொடுப்பது? நெசவாளி ஒரு நாள் தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போச்சு. பதிவு செய்த அரசாங்கமே காவலுக்கும் ஆள் வைக்க வேண்டும், வருடாவருடம்.

இதுவரை மலையைப் பற்றிச் சொன்னேன். ஜார்ஜ் டவுனுக்குள் இறங்கினால், கைத்தொழில்காரருக்கு மரத்தின் இடத்தில் நிற்பது கடை வாடகை. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ன் சட்டம், 2000 ஜனவரியோடு காலாவதியானது. பினாங்கில் 12,000 கட்டடங்களுக்கு மேல் அதன் கீழ் இருந்தன. சொந்தக்காரர்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பல வருடம் அற்ப வாடகையில் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் முடியாமல் தவித்தார்கள். ஆனால் மாடியில் குடும்பமும் கீழே பட்டறையுமாக வாழ்ந்த பிரம்பு பின்னுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர் எல்லாரும் ஓரிரு வருடத்தில் இடம் தேட வேண்டி வந்தது. எட்டு வருடம் கழித்து, 2008-ல், யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக்கியது. வாழும் பண்பாடும் அந்தப் பெருமைக்கு ஒரு காரணம். பட்டம் வந்தபின் வாடகை இன்னும் ஏறியது. பாரம்பரியத்தைப் பார்க்க வந்த கூட்டம், பாரம்பரியத்தைச் செய்கிறவரின் கடையில் காபிக்கடை திறக்க வைத்தது.

பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை 1986 முதல் இங்கே உழைக்கும் தன்னார்வ அமைப்பு. மூத்த கைவினைஞர்களுக்கு விருது கொடுத்தது. அதைவிட முக்கியமாக, அவர்களிடம் இளைஞர்களைச் சேர்த்துத் தொழில் பழகும் திட்டம் ஒன்றையும் நடத்தியது. சரியான இடத்தில் கை வைத்தார்கள். ஒரு சொங்கோக் தொப்பி தைப்பதைப் பாருங்கள். தலையை அளந்து, உள்ளே காகித அட்டை கொடுத்து, சாட்டின் உள்துணி, மேலே வெல்வெட், மடிப்பு விழாமல் ஓரம் திருப்புவது என்று ஒவ்வொன்றும் விரலுக்குப் பழக வேண்டியது. தைக்கக் கற்றுக்கொள்ள மாதங்கள் போதும். வாடிக்கையாளர் நம்பி வர வருடங்கள் ஆகும். அந்த வருடங்களில் பழகுகிறவனுக்கு யார் சோறு போடுவது?

சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நம் தமிழ் முஸ்லிம்கள் 1800-களின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டவர் பெயரில் எழுப்பியது. அதன் சுவரோடு ஒட்டிய சிறு கடைகளில் ஒன்றில் சொங்கோக் தைக்கும் தொழில் பல பத்தாண்டு நடந்து வந்திருக்கிறது. தெருவெல்லாம் வாடகை ஏறியபோது அந்தத் தொழிலுக்கு ஒரு வழிபாட்டிடத்தின் நிழல் கிடைத்தது. இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அறக்கட்டளைக்குச் சொந்தமான சொத்துக்கு அவசரம் இல்லை. அதுவே கைத்தொழிலுக்கு ஏற்ற வீட்டுக்காரர். பினாங்கில் 1906-ன் அறநிலையச் சட்டத்திலிருந்து வரும் இந்து அறநிலைய வாரியமும், முஸ்லிம் வக்பு சொத்துகளை நிர்வகிக்கும் மன்றமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட அமைப்புகள் தங்கள் கடைகளில் கொஞ்சத்தையாவது கைத்தொழிலுக்கென்று நீண்டகால வாடகைக்கு ஒதுக்கினால், மாநில அரசு அந்த வாடகை வித்தியாசத்தை ஈடுகட்டலாம்.

நம்மவர்களின் பொற்கொல்லர் தொழிலுக்கு வேறு ஒரு முடிச்சு. பத்தர் பட்டறைகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தே ஓடின. நகைத்தொழில், முடிதிருத்தகம், ஜவுளி ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009-ல் நிறுத்தப்பட்டது. 2023-ல்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. முதலாளிகள் அந்த அனுமதிக்காக மன்றாடியது நியாயம். ஆனால் இடையில் போன 14 வருடங்களில் இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு நகைவேலை கற்பிக்க ஒரு பள்ளி தொடங்கியிருந்தால், இன்று அதில் படித்தவர்கள் முப்பது வயது ஆசாரிகளாக இருப்பார்கள். அனுமதி கேட்கும் கூட்டங்களில் நம் சங்கங்கள் அந்தப் பள்ளியையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்ட பள்ளிக்கு மாமல்லபுரம் சாட்சி. சுதந்திரத்துக்குப் பின் கோயில் சிற்பத் தொழில் தேய்ந்துகொண்டிருந்தபோது, 1957-ல் தமிழக அரசு அங்கே ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி தலைமை ஏற்றார். பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதி பல ஆண்டு நடத்தினார். குடும்பத்துக்குள் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வித்தைக்கு வகுப்பறை, பாடத்திட்டம், பட்டம் எல்லாம் வந்தன. பையன்கள் வருடக்கணக்கில் உளி பிடித்தார்கள். 2000 ஜனவரி 1-ல் கன்னியாகுமரிக் கடலில் எழுந்து நின்ற 133 அடி வள்ளுவர், கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. பள்ளி தொடங்கி 43 வருடம் ஆகியிருந்தது. எந்த வருடாந்தர அறிக்கையும் 1958-ல் அதைக் கணித்திருக்காது.

அக்கா மகன் கடைசியில் கேட்டது பணக்காரனின் கேள்வி இல்லை, வரி கட்டுகிறவனின் கேள்வி: "சரி மாமா, எவ்வளவு ஆகும்?" கணக்குப் போட்டோம். 2025 முதல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தொழில் பழகும் ஓர் இளைஞனுக்கு மூன்று வருடம் அதைக் கொடுத்தால் 61,200 வெள்ளி. பினாங்கின் பத்துத் தொழில்களுக்கு ஒருவர் வீதம் 6,12,000 வெள்ளி. மூன்று வருடத்துக்கு. சொல்லிக்கொடுக்கும் பெரியவருக்கும் அதே தொகை என்றால் அது இரட்டிக்கும், 12 லட்சத்துச் சொச்சம். ஒரு மாநில அரசாங்கத்துக்கு இது முடியாத தொகை இல்லை. முதல் வருடக் கடைசியில் அறிக்கை கேட்கும்போது, காட்டுவதற்குக் கோணலாகத் தைத்த நாலு சொங்கோக்கும் முழங்கால் உயர ஜாதிக் கன்றும்தான் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு இரண்டாம் வருடத் தவணையில் கையெழுத்துப் போடும் அதிகாரி வேண்டும். அப்படிப் போட்டதற்காக அவரைக் குறை சொல்லாத சட்டமன்றமும் வேண்டும்.